கோல்கேனன் செய்ய என்ன வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: அயர்லாந்துக்கு வந்து இது முதல் குளிர்காலம். உடன் வேலை செய்பவர் ஒருவர் வீட்டில் செய்த கோல்கேனன் கொண்டுவந்து கொடுத்தார். பொலபொலவென்று அவ்வளவு நன்றாக இருந்தது. நானும் செய்து பார்த்தேன், பசை மாதிரி இழுபட்டது. கழுவிப் பையில் போட்ட சின்ன உருளைக்கிழங்காகப் பார்த்து, கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்கினேன். வேகவைத்து மிக்சியில் அடித்தேன். என்ன தவறு?
(டப்ளின் வாசகி)

பதில்: கிழங்கும் சரியில்லை, மிக்சியும் கூடாது. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் கேல் என்ற கீரை அல்லது முட்டைக்கோஸ், வெங்காயத்தாள், பால், வெண்ணெய் சேர்த்தால் அதுதான் கோல்கேனன். இவ்வளவு எளிய பண்டம் என்பதால்தான் கிழங்கு தப்பினால் எல்லாமே தப்பிவிடுகிறது.

உருளைக்கிழங்கில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெந்ததும் மாவாக உதிரும். இன்னொன்று வெந்த பிறகும் வழவழவென்று வடிவம் கலையாமல் நிற்கும். நீங்கள் வாங்கிய பேபி பொட்டேட்டோ, சாலட் பொட்டேட்டோ, சார்லட் போன்றவை பெரும்பாலும் இரண்டாவது வகை. சாலட்டுக்கு அருமை, மசிக்க ஆகாது. விலை அதிகம் என்பதால் இந்த வேலைக்கும் உயர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

மசிக்க வேண்டுமானால் ரகத்தின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். பையிலேயே போட்டிருக்கும். எல்லாக் கடையிலும் எந்த மாதமும் கிடைப்பது ரூஸ்டர்: சிவப்புத் தோல், உள்ளே இளமஞ்சள். கார்லோவில் உள்ள ஓக் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம், இந்த நாட்டில் அதிகம் விற்பதும் அதுதான். ரூஸ்டர் கைவிடாது. அதைவிட மாவாக வேண்டுமென்றால் கெர்ஸ் பிங்க். ஸ்காட்லாந்தில் பிறந்த ரகமானாலும் அதைக் கொண்டாடுவது ஐரிஷ்காரர்கள்தான். கண்கள் ஆழமாக இருப்பதால் பச்சையாகத் தோல் சீவினால் பாதி வீணாகும். தோலோடு வேகவைத்துப் பிறகு உரியுங்கள். கோல்டன் வொண்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கரைந்தே போகும்; ஆவியில்தான் வேகவைக்க வேண்டும். கோடையில் வரும் குவீன்ஸும் அப்படித்தான், வெடித்துச் சிதறும்.

நான்கு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு, 250 கிராம் கேல், நாலைந்து வெங்காயத்தாள் (கடையில் ஸ்காலியன் என்று எழுதியிருக்கும்), 150 மில்லி பால், 100 கிராம் வெண்ணெய். கிழங்கை உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். வெந்ததும் தண்ணீரை முழுக்க வடித்து, அதே பாத்திரத்தில் மிகச் சிறு தீயில், மேலே ஒரு துணியைப் போட்டு ஐந்து நிமிடம் உலரவிடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கேலை நரம்பு நீக்கி, வேகவைத்து, ஒட்டப் பிழிந்து நறுக்குங்கள். பாலில் வெங்காயத்தாளைப் போட்டுச் சூடாக்குங்கள். கிழங்கைச் சூடாக இருக்கும்போதே கையால் மசித்து, சூடான பால், பாதி வெண்ணெய், கேல், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துக் கிளறுங்கள். தட்டில் வைத்து நடுவில் குழி செய்து மீதி வெண்ணெயை அதில் போட வேண்டும். ஓரத்திலிருந்து எடுத்து உருகிய வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுவது இவர்கள் வழக்கம்.

மிக்சி ஏன் கூடாது என்றால், அதன் வேகத்தில் கிழங்கின் செல்கள் உடைந்து ஸ்டார்ச் வெளியே வந்துவிடுகிறது. அதுதான் அந்தப் பசை. ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பால் விட்டாலும் வெண்ணெய் போட்டாலும் சரியாகாது. சூப் வைத்துவிடலாம்.

கேள்வி: சூப்பர்மார்க்கெட்டில் ரெடிமேட் கோல்கேனன் டப்பாவில் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பதில்: அவசரத்துக்கு வாங்கலாம், ஆனால் மூன்று இடத்தைப் படித்துவிட்டு. முதலில் அலமாரியில் பொடி எழுத்தில் இருக்கும் கிலோ விலை. டப்பா விலை சின்னதாகத் தெரியும். கிலோ விலையைப் பக்கத்தில் இருக்கும் ரூஸ்டர் பையோடு ஒப்பிட்டால் முகம் மாறும். அடுத்து, பொருட்பட்டியல். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி எடை அதிகமான பொருளிலிருந்து இறங்குவரிசையில் எழுத வேண்டும். பெயரிலோ படத்திலோ முன்னிறுத்திய பொருளின் சதவீதத்தையும் போட வேண்டும். மூடியில் பச்சைப்பசேலென்று கேல் படம் இருக்கும், பட்டியலில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வெண்ணெயா, தாவர எண்ணெயா என்பதும் அங்கேதான் தெரியும். கடைசியாகத் தேதி. "யூஸ் பை" என்று இருந்தால் அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அந்த நாளைத் தாண்டிச் சாப்பிடக் கூடாது. "பெஸ்ட் பிஃபோர்" தரத்தை மட்டுமே சொல்வது. பாதி விலைக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

முழு உருளைக்கிழங்குக்கு அந்தத் தேதி சட்டப்படி கட்டாயமே இல்லை. பச்சை பிடித்ததா, முளை விட்டதா என்று பாருங்கள். பச்சை நிறம் வெளிச்சம் பட்டதற்கு அடையாளம். அதோடு சேர்ந்து சொலனின் என்ற நச்சுப்பொருளும் கூடியிருக்கலாம், வேகவைத்தாலும் அது போகாது. அதனால் பெரிய பை வாங்கினால் இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சின்ன குடும்பத்துக்குப் பத்து கிலோ மூட்டை லாபம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: கேல் நறுக்கிய பை வாங்குவதா, முழுக் கட்டா? முட்டைக்கோஸ் போட்டால் ஐரிஷ்காரர்கள் சிரிப்பார்களா?

பதில்: சிரிக்க மாட்டார்கள். பாதிப் பேர் வீட்டில் முட்டைக்கோஸ்தான், கேல்தான் அசல் என்று மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், அது அவர்கள் பாடு. சவாய் கோஸ் மசியலில் நன்றாகச் சேரும், ஒரு தலை வாங்கினால் இரண்டு வேளைக்கு வரும். கேல் என்றால் முழுக் கட்டு வாங்குங்கள். பையில் நறுக்கி வருவதில் தடித்த நரம்பையும் சேர்த்தே வெட்டியிருப்பார்கள். அதைப் பொறுக்கி எறிந்தபின் மிஞ்சும் இலைக்குத்தான் நீங்கள் காசு கொடுத்ததாகக் கணக்கு. வாடுவதும் சீக்கிரம்.

கேள்வி: விலை உயர்ந்த பிராண்ட் வெண்ணெய்தான் வேண்டுமா? ஸ்ப்ரெட் மலிவாக இருக்கிறதே.

பதில்: ஸ்ப்ரெட் வேண்டாம். வெண்ணெய் என்று விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், தண்ணீர் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஸ்ப்ரெட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குழியில் போட்டால் தண்ணீர் பிரிந்து நிற்கலாம். ஆனால் கடையின் சொந்தப் பெயரில் வரும் வெண்ணெயும் அதே சட்டத்துக்கு உட்பட்டதுதான். அதை வாங்குங்கள். இங்கே 227 கிராம், 250 கிராம், 454 கிராம் என்று பல அளவில் வருவதால் பாக்கெட் விலையைப் பார்த்தால் ஏமாறுவோம். இங்கேயும் கிலோ விலைதான் துணை. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் மசியலில் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள்.

வீட்டில் யாருக்காவது பால் ஒவ்வாமை இருந்தால் தாவர ஸ்ப்ரெட்டும் இனிப்பு சேர்க்காத ஓட்ஸ் பாலும் போட்டுச் செய்யலாம். ஸ்ப்ரெட்டிலும் மோர்ப்பொடி கலப்பதுண்டு, பட்டியலில் தடித்த எழுத்தில் பால் என்று இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: கிழங்கு மசிக்க ரைசர் என்று ஒன்றை இங்கே உள்ள ஒரு கடையின் இணையதளத்தில் வாங்கினேன். இரண்டாவது வாரமே கைப்பிடி வளைந்துவிட்டது. தயாரிப்பாளரிடம் கேளுங்கள் என்று கடை கைகழுவுகிறது.
(கார்க் வாசகர்)

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு, பொறுப்பும் கடைக்குத்தான். அயர்லாந்தின் 2022-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் குறையுள்ளதாக இருந்தால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தைக் கேட்கலாம். அது தாண்டினால் முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்க வேண்டும். 12 மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் வேலை. நீங்கள் இன்னும் 30 நாளுக்குள் இருப்பதாகத் தெரிகிறது, அதனால் தாமதிக்காமல் போட்டோவோடு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். கடை இறங்கி வரவில்லை என்றால் 2,000 யூரோ வரையிலான வழக்குக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு வழக்கு நீதிமன்ற வழி இருக்கிறது, கட்டணம் 25 யூரோ, வக்கீல் தேவையில்லை. ரைசர் விலைக்கு அது கட்டுப்படியாகுமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அந்த வழியின் பெயரை மின்னஞ்சலில் எழுதினாலே பல கடைகள் இறங்கி வருவதுண்டு. சிசிபிசி என்ற நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உங்கள் உரிமை என்ன என்று விளக்கும், உங்களுக்காகக் கடையோடு சண்டை போடாது.

பணம் திரும்பி வந்ததும் இன்னொரு ரைசர் வாங்க ஓடாதீர்கள். ஊரிலிருந்து முறுக்கு உழக்கு கொண்டுவந்திருந்தால் காராச்சேவுத் தட்டைப் போட்டுப் பிழியுங்கள், அதே வேலைதான். இடியாப்பத் தட்டு வேண்டாம், ஓட்டை சின்னது, கை வலிக்கும்.

கேள்வி: ஹாலோவீனுக்குக் கோல்கேனனில் மோதிரம் ஒளித்து வைப்பார்களாமே? குழந்தைகள் கேட்கிறார்கள்.

பதில்: ஆமாம். மோதிரம் கிடைத்தால் கல்யாணம், காசு கிடைத்தால் பணம் சேரும், பொத்தானோ தையல்விரலுறையோ கிடைத்தால் கல்யாணம் இல்லை என்று விளையாட்டாகச் சொல்வார்கள். மலிவான முலாம் பூசிய மோதிரத்தைச் சூடான உணவில் போடாதீர்கள். காசைக் கழுவி, பேக்கிங் தாளில் பெரிய பொட்டலமாக, கண்ணில் படும்படி மடித்து வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் காசைத் தட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள், தேடுகிற சந்தோஷம் அதிலும் உண்டு. மிஞ்சிய மசியலை அன்றே குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலை வடை அளவில் தட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க எடுங்கள்.