மாடிப்படியில் கிடந்த அட்டை: சர்வாதிகார நகரங்களின் நாவல்கள்

கேள்வி: சர்வாதிகாரத்தில் சிக்கிய நகரங்களைப் பற்றிய, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நாவல்களில் எதிலிருந்து தொடங்கலாம்? எல்லோரும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' என்கிறார்கள்.

பதில்: அதையும் படியுங்கள். ஆனால் முதலில் ஹான்ஸ் ஃபல்லாடாவின் பெர்லின் நாவல். 1947-இல் வந்தது, ஆங்கிலத்தில் 'அலோன் இன் பெர்லின்'. போரில் மகனைப் பறிகொடுத்த தொழிலாளியும் மனைவியும் ஹிட்லரை எதிர்த்து அஞ்சலட்டை எழுதி, யார் யாரோ வசிக்கும் கட்டடங்களின் மாடிப்படிகளில் போட்டுவிட்டு வருகிறார்கள். "இவ்வளவு சின்னதா?" என்று மனைவிக்கே முதலில் ஏமாற்றம். சின்னதோ பெரியதோ, பிடிபட்டால் உயிர்தான் போகும் என்கிறார் கணவர். அங்கேயே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: அந்த அட்டைகளை யாராவது படித்தார்களா?

பதில்: மனசு கனக்கும் இடம் அதுதான். 276 அட்டைகள், 9 கடிதங்கள். அவற்றில் 18 தவிர மற்றதெல்லாம் ஹிட்லரின் ரகசிய போலீஸான கெஸ்டபோ கைக்குப் போய்ச் சேர்கிறது. கண்டெடுத்தவர்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள்; கையில் வைத்திருந்தாலே தலை போகுமே! அட்டை கிடைத்த இடங்களில் எல்லாம் சிறு கொடி குத்திய பெர்லின் வரைபடம் அதிகாரியின் அறையில் இருக்கிறது. இது முழுக்கக் கற்பனை அல்ல. ஓட்டோ, எலிசே ஹாம்பெல் என்ற தம்பதி இப்படி எழுதி, 1943 ஏப்ரலில் கொல்லப்பட்டார்கள்.

கேள்வி: ஆர்வெல்லின் லண்டன்?

பதில்: 1949-இல் வந்த '1984'-இல் லிஃப்ட் ஓடாது. காலில் புண்ணோடு நாயகன் ஏழு மாடி ஏறுகிறான். நடையெங்கும் முட்டைக்கோஸ் வேகும் நாற்றம். வெளியே 300 மீட்டர் உயரமான அமைச்சகக் கட்டடம். மகளே அப்பாவைக் காட்டிக்கொடுப்பதும் அதில் உண்டு. ஆனாலும் அங்கே முக்கியமாகக் கண்காணிப்பது சுவரிலுள்ள திரை. பெர்லினில் அது பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு அதுதான் கூடுதல் பயம்.

கேள்வி: ஐரோப்பாவுக்கு வெளியே?

பதில்: மரியோ வர்காஸ் யோசாவின் 'கதீட்ரலில் உரையாடல்' (1969). பெரு நாட்டுச் சர்வாதிகாரி ஓட்ரியாவின் ஆட்சிக்காலத்துத் தலைநகர் லீமா. கதீட்ரல் என்பது ஒரு மலிவான மதுக்கடை. ஒரு பத்திரிகைக்காரனும் அவன் அப்பாவின் பழைய டிரைவரும் அங்கே மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். தொடக்கம் குழப்பும், பொறுங்கள்.

கேள்வி: நகரமே ஆட்சியை எதிர்த்த நாவல் உண்டா?

பதில்: 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை நுழைந்ததும் செக் மக்கள் தெருப் பெயர்ப் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். வழி தெரியாமல் படை திண்டாடியது. மிலன் குந்தேரா 1984-ஆம் ஆண்டு வந்த தன் நாவலில் (ஆங்கிலத்தில் 'தி அன்பேரபிள் லைட்னெஸ் ஆஃப் பீயிங்') இதை எழுதுகிறார். அப்புறம் வருடங்கள் கழித்து, அவருடைய நாயகி ஒரு சிற்றூர்த் தெருவில் நடக்கிறாள். கழற்றிய பெயர்கள் திரும்பவில்லை. எங்கும் ரஷ்யப் பெயர்கள்.