தொலைதூர வைஃபை இணைப்பு: பவரைக் கூட்டுவதற்கு முன்

கேள்வி: இரண்டு டிஷ்களுக்கும் இடையே 5 கிலோமீட்டர். இங்கிருந்து பார்த்தால் அந்தக் கம்பம் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் சிக்னல் மோசம். ஏன்?

பதில்: கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் உப்பிய ஒரு வெளி அதற்குத் தேவை. ஃபிரெனல் மண்டலம் என்பது இதைத்தான். 5.8 கிகாஹெர்ட்ஸில் உங்கள் தூரத்துக்கு நடுப்பகுதியில் அதன் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 5 மீட்டர் அளவுக்கு, பார்வைக் கோட்டைச் சுற்றித் தடையில்லாமல் இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் இந்தத் தடையில்லா அளவு ஏழரை மீட்டர். கோட்டுக்கு 2 மீட்டர் கீழே ஒரு கூரையோ மரக்கிளையோ இருந்தாலே சிக்னல் அடிவாங்கும். கம்பத்தை உயர்த்துங்கள். மரம் வளரும் என்பதையும் சேர்த்தே உயரத்தை முடிவு செய்யுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

கேள்வி: கணக்குப்படி சிக்னல் வலிமை மைனஸ் 55 டிபிஎம் (மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்) வர வேண்டும். மைனஸ் 75-தான் வருகிறது. பாதையில் தடை எதுவும் இல்லை.

பதில்: 20 டெசிபல் குறைகிறது, அதாவது நூறில் ஒரு பங்குதான் வருகிறது என்றால் இரண்டு சந்தேகங்கள். ஒரு முனையில் ஆன்டெனா செங்குத்தாகவும் மறுமுனையில் கிடைமட்டமாகவும் பூட்டப்பட்டிருக்கலாம். அல்லது டிஷ்ஷின் பக்கக் கதிரை, அதாவது முதன்மைக் கதிருக்குப் பக்கவாட்டில் கசியும் பலவீனமான கதிரை, பிடித்துக்கொண்டு, அதுதான் உச்சம் என்று திருகை முறுக்கியிருப்பீர்கள். ஒரு முனையை அசைக்காமல் வைத்து, மற்றதை இடவலமாக அகலத் திருப்பிப் பாருங்கள். சிக்னல் அளவில் இரண்டு சிறிய மேடுகளுக்கு நடுவே பெரிய மேடு ஒன்று தட்டுப்படும். அப்புறம் மேல்கீழாகவும் அப்படியே.

கேள்வி: மழை நின்று இரண்டு நாளாகியும் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு சரியாகவில்லை.

பதில்: இந்த அலைவரிசையை மழை பெரிதாகப் பாதிக்காது. கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். மாற்றிவிட்டு, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேள்வி: ரேடியோவை வீட்டுக்குள் வைத்து, 20 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள் வழியாக மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு இணைக்கலாமா?

பதில்: வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபலை விழுங்கும். 20 மீட்டர் தாண்டும்போது நூறில் ஒரு பங்குதான் மிச்சம். ரேடியோவையும் கம்பத்திலேயே ஏற்றிவிட்டு ஈதர்நெட் கேபிளில் மின்சாரம் அனுப்புங்கள். 100 மீட்டர் வரை போகும். சாதனம் கேட்பது 24 வோல்ட்டா 48 வோல்ட்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மாற்றிக் கொடுத்தால் கருகிவிடக்கூடும்.

கேள்வி: ஒரு முனையில் மட்டும் பவரை முழுதாகக் கூட்டினால்?

பதில்: உங்கள் குரல் அங்கே கேட்கும், பதில் இங்கே கேட்காது. சட்டம் அனுமதிக்கும் வரம்பும் இருக்கிறது. அதற்குப் பதில் சேனல் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். இரைச்சல் 3 டெசிபல் இறங்கும். அமைப்பில் தூரத்தைக் குறிக்கும் இடம் இருந்தால் உண்மையான தூரத்தைவிடச் சற்றுக் கூட்டியே கொடுங்கள்.