கமேட்டியும் கண்ணாடி வளையலும்

வணக்கம் சார்,

இம்ரான் கான் தன் அம்மா பெயரில் லாகூரில் கட்டிய ஷவுகத் கானம் புற்றுநோய் மருத்துவமனை பற்றி எழுதியிருந்தீர்கள். நான் திருச்சியில் நர்ஸ். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் பாகிஸ்தான் பெண்ணுக்கு அப்புறம் யார் துணை? பெண்களே சேர்ந்து குழு நடத்துவதெல்லாம் அங்கே நடக்கிற காரியமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நடக்கிற காரியம்தான். கராச்சி, லாகூர் பக்கமெல்லாம் பெண்கள் 'கமேட்டி' போடுவார்கள். ஏலம் இல்லாத சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து ஒருத்தி எடுப்பாள், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பதும் அங்கேயே பேசப்பட்டுவிடும். துணையும் இந்த வழியாக வந்தால்தான் நிற்கும் என்பது என் எண்ணம். ஆஸ்பத்திரியில் போர்டு வைத்துக் கூப்பிட்டால் பலர் வரமாட்டார்கள். மார்பு என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற இடம், அம்மாவுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்று மறைப்பவர்களும் உண்டு. (நம் வீடுகளில் மட்டும் என்ன வாழுதாம்?)

மார்பகப் புற்றுக்கான அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்தவர்களுக்குக் கை வீக்கம் மாதங்கள் கழித்து, ஏன், வருடங்கள் கழித்தும் வரலாம். சிந்து மாகாணத்து ஹைதராபாத் கண்ணாடி வளையலுக்குப் பேர்போன ஊர், ஈத் என்றால் கை நிறைய வளையல் வேண்டும். போன ஈதுக்குச் சுலபமாக ஏறிய அளவு இந்த ஈதுக்கு ஒரு கையில் மட்டும் ஏறவில்லை என்றால், உடம்பு பெருத்துவிட்டது என்று பெரிய அளவாக வாங்கிக்கொண்டு போய்விடுவாள். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, விட்டுவிடாதே, பிசியோதெரபிக்குப் போ, சீக்கிரம் போனால் அடங்கும்" என்று சொல்ல, அதே நோயைத் தாண்டி வந்த பக்கத்து வீட்டு அக்கா வேண்டும். யோசனை புதிதல்ல. 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் தொடங்கிய 'ரீச் டு ரெகவரி'யே, மார்பகம் எடுத்த பெண்ணை அதே அறுவை செய்துகொண்ட இன்னொரு பெண் போய்ப் பார்ப்பதுதான்.

ஷவுகத் கானம் திறந்த அதே 1994இல் பாகிஸ்தானில் லேடி ஹெல்த் வொர்க்கர், அதாவது வீடுவீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர் திட்டமும் வந்தது. ஏறக்குறைய 1000 பேருக்கு ஒருத்தி, அதே ஊர்க்காரி. பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று ஏற்கெனவே சுமை அதிகம், இதையும் அவள் தலையில் கட்டச் சொல்லமாட்டேன். இன்ன தெருவில் இன்னாருக்குச் சிகிச்சை முடிந்தது என்று, அந்தப் பெண் சம்மதித்தால், அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சரி, நீங்கள் சொல்லுங்கள், உங்கள் வார்டில் டிஸ்சார்ஜ் அன்று வளையல் இறுகுவதைப் பற்றி யாராவது சொல்லி அனுப்புகிறீர்களா?