வாசகர் கேள்வி பதில்: தொடக்கப் பள்ளிப் பாடங்கள்

என் மகள் இரண்டாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். அதே சொல் காலண்டரிலோ கடைப் பலகையிலோ இருந்தால் திணறுகிறாள். ஏன் இப்படி?
– வாசகி, மன்னார்குடி

அவள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லும்போது சில நாளிலேயே பாடம் காதில் பதிந்துவிடும். பக்கத்தில் உள்ள படம் அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கும். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் கேளுங்கள். அவள் திணறி நின்ற சொற்களைத் தனியே குறித்து வையுங்கள். இருபது சொல் கேட்பதற்குள் சிக்கல் எங்கே என்று பிடிபட்டுவிடும்.

பெரும்பாலும் அது கொம்பில்தான் இருக்கும். ‘கா’வில் எழுத்து முதலில், கால் பிறகு, கண் போகும் திசையிலேயே ஒலியும் வருகிறது. ‘கெ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. அதனால்தான் ‘கொடி’யைப் பிள்ளைகள் ‘காடி’ என்கிறார்கள். கொம்பை விட்டுவிட்டுக் காலை மட்டும் பார்த்திருக்கிறார்கள். ‘கோழி’ ‘காழி’ ஆவதும் இதனால்தான்.

முதலில் குறியே இல்லாத சொற்கள்: படம், மரம், பட்டம், வட்டம். இவை தடையில்லாமல் வந்த பிறகு கால், அப்புறம் மேல்விலங்கு (‘கி’யின் மேல் வரும் குறி). கொம்பு கடைசியில். ஒவ்வொன்றுக்கும் ஜோடி அட்டை எழுதிக்கொள்ளுங்கள்: படம்–பாடம், கல்–கால், கெடு–கேடு, கொடு–கோடு, தொடு–தோடு. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கவிட்டால் குறி எங்கே மாறுகிறது என்று கண் தானாகத் தேடும். ஒரு நாளைக்குப் பத்து அட்டை, பத்து நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் பிள்ளை ஊகித்துச் சொல்லத் தொடங்கிவிடும்.

உகர வரிசையை மட்டும் அகர வரிசைப்படி நடத்தாதீர்கள். அதில் வடிவம் மூன்று விதம்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம்; சு, பு, யு, வு இன்னொன்று; து, நு, ணு, லு, று, னு மூன்றாவது. கூட்டம் கூட்டமாகச் சொல்லிக்கொடுத்தால் பதினெட்டு வடிவத்தைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் பாரம் குறையும்.

முதல் வகுப்புப் பையன் 3, 7 இரண்டையும் திருப்பிப் போடுகிறான். பத்துத் தடவை எழுதச் சொல்லியும் மாறவில்லை.
– வாசகர், விருத்தாசலம்

இந்த வயதில் பல பிள்ளைகளிடம் காண்பதுதான், பயப்பட வேண்டாம். பத்துத் தடவை எழுதச் சொன்னதுதான் தவறைக் கெட்டியாக்குகிறது. அவன் நோட்டை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வரி நீங்கள் எழுதிக் காட்டியதைப் பார்த்து எழுதியிருப்பான். அதற்குக் கீழே எல்லாம் தனக்கு மேல் வரியில் உள்ளதைப் பார்த்து எழுதியது. மூன்றாம் வரியில் திரும்பிய 3, பத்தாம் வரி வரை அப்படியே இறங்கியிருக்கும். இரண்டு வரிக்கு ஒருமுறை நீங்கள் சரியாக எழுதிக் கொடுங்கள், தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். தட்டில் மணலோ ரவையோ பரப்பி விரலால் எழுதவிடுவது இன்னும் நல்லது. மூன்றாம் வகுப்பிலும் இது தொடர்ந்து, வாசிப்பிலும் சிரமம் இருந்தால் ஆசிரியரிடம் சொல்லி, தக்கவரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் வகுப்பு மகனுக்கு ‘அரும்பு’ பயிற்சி நூல் கொடுத்திருந்தார்கள். பின்தங்கியவன் என்று முத்திரை குத்துவதாகாதா? நோட்டிலும் பாட்டு, விளையாட்டு தவிர அதிகமாக எதுவும் இல்லையே?
– வாசகி, திருத்தணி

அந்த நூல், பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைப்பதற்கான எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டத்தைச் சேர்ந்தது. அது தமிழ்நாட்டில் 2022 ஜூனில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்குத் தொடங்கியது. 2023-24 கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிக்கு வராமலே வகுப்பு ஏறிய பிள்ளைகளை மனத்தில் வைத்து வந்தது இது. அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளை இன்று எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் படிநிலைகள். எழுத்தே கூடாத பிள்ளையிடம் மூன்றாம் வகுப்புப் பத்தியைக் கொடுத்தால் முன்பு சொன்னதுபோல ஒப்பிக்கத்தான் பழகும்.

நீங்கள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “எந்தத் திறனில் நிற்கிறான், மறுபடி எப்போது பார்ப்பீர்கள்?” படிநிலை மாறாமல் மாதக்கணக்கில் கிடந்தால் அதுதான் கவலைக்குரியது. பாட்டு, விளையாட்டு நாள்களில் நோட்டு காலியாக இருப்பது குறையில்லை. பாட்டில் வந்த சொற்களை மறுநாள் அட்டையில் வாசிக்கிறானா என்று மட்டும் பாருங்கள். வாசிக்கவில்லை என்றால் அதை ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லலாம்.

மகளுக்குக் கழித்தலில் எப்போதும் தவறு. 52-27க்கு 35 என்கிறாள். 403-178க்கு ஒரு நாள் 375, மறுநாள் 275. கவனக்குறைவா?
– வாசகர், பரமக்குடி

கவனக்குறைவு இல்லை. ஒவ்வொரு விடையும் அவள் எங்கே வழுக்கினாள் என்று தெளிவாகவே சொல்கிறது.

35-ம் 375-ம் ஒரே வகை. மேலே எது, கீழே எது என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள்: 7-2, 8-3, 7-0. ‘பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும்’ என்று முதல் வகுப்பில் கேட்டதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் பொருத்திவிட்டாள். 275 வந்த நாளில் இனமாற்றம் (பக்கத்து இடத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பத்தாகப் பிரிப்பது) செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஆனால் பத்துகள் இடத்தில் 0 இருந்ததால் அதைத் தாண்டி நூறிலிருந்து நேராக ஒன்றுகளுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இன்னும் சில பிள்ளைகள் 235 என்று எழுதுவார்கள். அவர்கள் நூறைப் பத்துப் பத்துகளாகப் பிரித்தது சரி, அதிலிருந்து ஒரு பத்தை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகு 9 ஆக்க மறந்தார்கள். சரியான விடை 225.

தாளில் திருத்திப் பயனில்லை. ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். 52க்கு 5 கட்டு, 2 உதிரி. “ஏழு குச்சி எடு” என்றால் உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. கட்டை அவிழ்க்காமல் வழியில்லை. அவிழ்ப்பதை அவளே செய்ய வேண்டும். இப்போது 4 கட்டு, 12 உதிரி. அதில் ஏழை எடுத்தால் உதிரி 5, இரண்டு கட்டை எடுத்தால் கட்டு 2. ஒவ்வொரு அசைவும் முடிந்த உடனே தாளில் அந்த எண்ணை மாற்றி எழுதட்டும். குச்சி முழுவதும் முடிந்த பிறகு கணக்கை எழுதச் சொன்னால் குச்சி வேறு, கணக்கு வேறு என்று ஆகிவிடும். பல வீடுகளில் இங்கேதான் பிசகுகிறது.

நடுவில் 0 வரும் கணக்குகளை, பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு நூறு கட்டிய பிறகே தொடங்குங்கள். இறுதியில் விடையோடு கழித்த எண்ணைக் கூட்டிப் பார்க்கப் பழக்குங்கள்: 225-ம் 178-ம் சேர்ந்தால் 403.

சொல்வது எழுதுதலில் ண, ன, ந மூன்றும் குழம்புகிறது.
– ஆசிரியை, ஒட்டன்சத்திரம்

டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களைக் கைவிடாதீர்கள். யார் பக்கத்தில் யார் என்பது அதிலேயே இருக்கிறது: ட-வுக்கு முன் ண் (வண்டி, நண்டு), ற-வுக்கு முன் ன் (கன்று, பன்றி), த-வுக்கு முன் ந் (பந்து, சந்தை). தமிழ்ச் சொல்லின் முதலில் ந மட்டுமே வரும். இந்த இரண்டு விதியிலேயே குழப்பத்தில் பெரும்பகுதி தீரும். மனம்–மணம், பனி–பணி போன்றவற்றுக்கு விதி உதவாது. பொருளோடு வாக்கியத்தில் வைத்துத்தான் பழக்க வேண்டும்.

கூடவே ‘முயற்ச்சி’யையும் பாருங்கள். ற்-க்குப் பின்னால் இன்னொரு மெய் வராது. முயற்சி, கற்பனை, நிற்க. ர்-க்குப் பின் வரும்: பார்க்க, வார்த்தை.

சொல்வது எழுதுதலுக்கு ஒரு நாளைக்கு எட்டுச் சொல் போதும். அவற்றில் ஐந்து அன்றைய விதிக்கு உட்பட்டவை, மூன்று முந்தைய வாரத்துச் சொற்கள். தவறான எழுத்தை மட்டும் வட்டமிட்டு, விதியைச் சொல்லிப் பிள்ளையே திருத்தும்படி விடுங்கள்.