மகள் நாடகம் படிக்கிறேன் என்கிறாள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

நியூ ஜெர்சியிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் நாடகம்தான் படிப்பேன் என்கிறாள். அவள் அப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு பேச்சே கூடாது என்கிறார். பள்ளியில் அவள் நடித்த ஒரு நாடகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. கடிதத்தின் கடைசியில், எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி எழுதியது போல ஒரு வரி: "நல்ல கறுப்பு சார் அவள். இந்த ஊரில் யார் அவளுக்கு வேஷம் கொடுப்பார்கள்?" அதற்கும் வருகிறேன். முதலில் பணத்தைப் பேசிவிடுவோம்.

அமெரிக்க நடிகை வயோலா டேவிஸை உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். சினிமாவுக்கு ஆஸ்கர், தொலைக்காட்சிக்கு எம்மி, மேடை நாடகத்துக்கு டோனி, ஒலிப்பதிவுக்கு கிராமி என நான்கு பெரிய விருதுகளையும் வாங்கியவர். பரிசுகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் எந்த வழியாகப் படித்தார் என்று பாருங்கள்.

1965இல் தென் கரோலினாவில் பிறந்து, ரோட் ஐலண்டில் சென்ட்ரல் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். அப்பாவுக்குக் குதிரை லாயத்தில் வேலை. வீட்டில் எலிகள், கடித்துவிடாமல் இருக்கக் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தூங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஊர்ப் பூங்காவில் நடந்த ஒரு போட்டிக்கு அக்கா தங்கைகள் சேர்ந்து குட்டி நாடகம் போட்டார்கள். விடாமல் ஒத்திகை பார்த்து, உடைக்கு இவ்வளவு என்று சில்லறையை எண்ணி ஒதுக்கி, ஜெயித்தும்விட்டார்கள். பரிசாக வந்த பந்து மட்டையை வைத்து வீட்டில் எலி அடித்தார்களாம்.

பள்ளிப் பருவத்தில் அப்வர்ட் பவுண்ட் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்தார். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார் செய்யும் திட்டம் அது. அடுத்து ரோட் ஐலண்ட் கல்லூரி, அதாவது சொந்த மாநிலத்தின் அரசுக் கல்லூரி. 1988இல் அங்கே நாடகத்தில் பட்டம் வாங்கினார். நியூயார்க்கின் புகழ்பெற்ற கலைக் கல்லூரியான ஜூலியார்ட் அதற்கப்புறம்தான். அங்கே ஆடிஷன் பல சுற்றுகளாக நடக்கும். இவருக்கோ அன்றே ரோட் ஐலண்டின் தலைநகரான பிராவிடன்ஸ் திரும்பி மேடையேற வேண்டும். 'எனக்கு 45 நிமிடம்தான் இருக்கிறது' என்று சொல்லிவிட்டார். எடுத்துக்கொண்டார்கள். வாசலில் நிற்கும்போதே அவர் தொழில்முறை மேடையில் வேலை செய்துகொண்டிருந்த நடிகை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வழியும் இதுதான். ரட்கர்ஸின் மேசன் க்ரோஸ் கலைப் பள்ளி, மான்ட்க்ளேர் ஸ்டேட் இரண்டிலும் நடிப்புப் பட்டம் இருக்கிறது. இரண்டும் உங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள். மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் குறைவு. முழுநேர நடிப்புப் பயிற்சி தரும் பி.எஃப்.ஏ. வேண்டாம் என்றால், நாடகத்தில் பி.ஏ. சேர்ந்து கூடவே இன்னொரு பாடத்தையும் படிக்கலாம். உங்கள் கணவருக்கும் மகளுக்கும் நடுவே பாலம் போட அது உதவும். முதுகலைக்குப் போகும்போது நிலைமை இன்னும் நல்லது: யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 2021 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. ஜூலியார்டும் நடிப்பு முதுகலைக்கு 2024 முதல் கட்டணத்தை எடுத்துவிட்டது. இடம் கிடைப்பது மிகவும் கடினம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினெட்டு வயதில் பெரிய கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்க்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடன் தவணை மாதம் தவறாமல் வந்து நிற்கும். நாடகச் சம்பளம் அப்படி வராது. நடிகர் சங்கமான ஈக்விட்டியில் மருத்துவக் காப்பீடு கிடைப்பதுகூட எத்தனை வாரம் வேலை செய்தீர்கள் என்ற கணக்கில்தான்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வயோலா ஜூலியார்டை முடித்தது 1993. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் முதல் நாடகம் 1996இல், நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் எழுதிய 'செவன் கிட்டார்ஸ்'. முதல் டோனி 2001. சினிமா ரசிகர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டது 2008இல், 'டவுட்' படத்தில் ஹாலிவுட்டின் பெரிய நடிகை மெரில் ஸ்ட்ரீப்போடு வரும் ஒரே ஒரு காட்சியால். அப்போது அவருக்கு 43 வயது. பதினைந்து வருடம்! நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை, மேடைதான் அவருக்கு வேலையாக இருந்தது. அந்தக் காட்சியை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். எட்டு நிமிடத்துக்குப் பக்கம் வரும். குளிரில் நடந்துகொண்டே தன் மகனுக்காகப் பேசுகிறார். கண்ணீரோடு மூக்கும் ஒழுகுகிறது, துடைத்துக்கொள்ளவே இல்லை. எதிரே நிற்பது மெரில் ஸ்ட்ரீப் என்பதே நமக்கு மறந்துபோகும்.

இப்போது அந்தக் கடைசி வரி. வயோலாவும் நல்ல கறுப்பு. ஜூலியார்டில் ஐரோப்பியப் பழைய நாடகங்களையே போட்டுப் போட்டு, தன் குரலுக்கும் உடம்புக்கும் அங்கே இடமில்லை என்று திணறியிருக்கிறார். உதவித்தொகை கிடைத்து ஒரு கோடையில் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா போய் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. 2014இல் தொலைக்காட்சித் தொடருக்கு நாயகியானபோது, வழக்கமான அழகில்லை என்ற தொனியில் ஒரு பெரிய பத்திரிகையிலேயே எழுதினார்கள். அதே தொடரில் அவரே கேட்டு வைத்த ஒரு காட்சி உண்டு: கண்ணாடி முன் உட்கார்ந்து விக்கைக் கழற்றுகிறார், ஒட்டு இமையை உரிக்கிறார், மேக்கப்பைத் துடைத்து எடுக்கிறார். மறு வருடம் நாடகத் தொடர் நாயகிக்கான எம்மி. அந்தப் பிரிவில் அதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். வெள்ளையரல்லாத பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் வாய்ப்பு ஒன்றுதான் வித்தியாசம் என்று அந்த மேடையிலேயே சொன்னார். அதற்கு முன்பே, 2011இல், கணவரோடு சேர்ந்து சொந்தத் தயாரிப்பு நிறுவனமும் தொடங்கியிருந்தார்.

அவர் சமூகத்தின் போராட்டம் வேறு, நம்முடையது வேறு. அப்படியே பொருத்திப் பார்க்கச் சொல்லவில்லை. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஒன்று கேளுங்கள்: கடந்த மூன்று வருடம் என்னென்ன நாடகம் போட்டார்கள், வெள்ளையரல்லாத மாணவர்களுக்கு என்ன பாத்திரம் கொடுத்தார்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் அந்தக் கல்லூரி வேண்டாம். அப்புறம், அந்த வரியை மகள் காதுபடச் சொல்லாதீர்கள் அம்மா. வெளியில் அதைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

பல கல்லூரிகள் நேரில் கூப்பிடும் முன் வீடியோ கேட்பதால், கோடை விடுமுறைக்குள் அவள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு மோனோலாக் (ஒருவரே பேசி நடிக்கும் பகுதி) தயார் செய்யட்டும். இரண்டு கல்லூரிகளின் கட்டண விவரத்தையும் எடுத்து வையுங்கள். மூன்று பேரும் உட்கார்ந்து பேசும் அன்று, கணக்கைத் திறக்கும் முன் அந்த மோனோலாக்கில் ஒன்றை ஹாலில் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் அப்பா முதல் முறையாகப் பார்க்கட்டும்.