ஒன்பதாயிரம் ரூபா புரொஜெக்டர் கிளாஸ்ரூமுக்கு போதுமா?

கேள்வி: சார் வணக்கம், நான் கடலூர் முதுநகர் பக்கம் ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். பழைய மாணவர்கள் 40,000 ரூபா சேத்து குடுத்து புரொஜெக்டர் வாங்கிக்கங்கன்னு சொல்லிருக்காங்க. ஆன்லைன்ல 9,000 ரூபாக்கே 9,500 லூமன்ஸ், 4கே சப்போர்ட்னு போட்டிருக்கான், அதுல நாலு வாங்குனா நாலு கிளாஸுக்கு ஆகுமே? ரூம் 20க்கு 20 அடி, கிழக்க பாத்த ஜன்னல்.

பதில்: வேணாம் டீச்சர். நானும் இதே ஆசையில ட்யூஷனுக்கு ஒண்ணு வாங்கி, ராத்திரி வீட்ல போட்டு பாத்தப்ப சூப்பரா இருந்துச்சு, மறுநாள் காலைல 10 மணிக்கு பசங்க முன்னாடி போட்டா சுவத்துல ஏதோ சாம்பல் பூசுன மாதிரி ஒண்ணு தெரியுது, அவ்ளோதான். அந்த 9,500ங்கறது வெறும் விளம்பர நம்பர். லூமன்ஸ்னா வெளிச்சத்தோட அளவு, நீங்க கேக்க வேண்டியது ஆன்சி லூமன்ஸ், அதாவது ஒரு பொது முறைப்படி அளந்த வெளிச்சம், அந்த மாதிரி சின்ன மெஷின்ல அது சில நூறுதான் இருக்கும், ஜன்னல் வெளிச்சம் வர்ற ரூமுக்கு 3,000க்கு மேல வேணும். அதுலயும் 40 இன்ச்ல பளிச்சுனு இருந்த படத்தை 80 இன்ச்சுக்கு இழுத்தீங்கன்னா அதே வெளிச்சம் நாலு மடங்கு எடத்துல பரவி மங்கிடும்.

4கே சப்போர்ட்னா 4கே வீடியோவ வாங்கிக்கும், அவ்ளோதான். காட்டுறது அதோட நேட்டிவ் ரெசொல்யூஷன்லதான், அதாவது மெஷின்ல நிஜமா இருக்குற புள்ளிகளோட (பிக்சல்) எண்ணிக்கைலதான். 1280க்கு 800 புள்ளி இருந்தா பாடப்புத்தக பிடிஎஃப் ஓரளவு படிக்கலாம், அதுக்கு கீழ போனா கடைசி பெஞ்சு பசங்க பாடு திண்டாட்டம்.

என்னைக் கேட்டா நாலு கிளாஸ் ஆசைய விட்டுட்டு நல்ல கம்பெனியில 3,300 லூமன்ஸ் மாதிரி ஒண்ணே ஒண்ணு வாங்கி ஒரே ரூம்ல சீலிங்ல மாட்டிடுங்க, மத்த கிளாஸ் அங்க வரட்டும். சாதாரண லென்ஸுக்கு 6 அடி அகல படம் வேணும்னா சுமார் 9 அடி தள்ளி மாட்டணும், அதனால எச்டிஎம்ஐ கேபிள் நீளமா வாங்கணும், மவுண்ட், வயரிங் காசு தனி, இத கடைக்காரர் கடைசியிலதான் சொல்லுவாரு. சுவத்துக்கு பக்கத்துலயே மாட்டுற, நிழல் அவ்வளவா விழாத ஷார்ட் த்ரோ புரொஜெக்டர் நல்லாத்தான் இருக்கும், ஆனா உங்க பட்ஜெட் தாண்டிடும். ஸ்கிரீனுக்கு செலவே பண்ணாதீங்க, மேட் வெள்ளை பெயிண்ட் அடிச்ச சுவரு போதும். ஜன்னலுக்கு ஒரு கெட்டித் திரை போடுங்க, அது புரொஜெக்டரவிட முக்கியம்.

வாரன்டில ஒரு சூட்சுமம் இருக்கு. மெஷினுக்கு ரெண்டு வருஷம்னு பெருசா போட்டு, உள்ள வெளிச்சம் குடுக்குற லேம்புக்கு தனியா கம்மியா போட்டிருப்பாங்க. லேம்பு மாத்த எவ்ளோ ஆகும்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க. சர்வீஸ் சென்டர் பாண்டிச்சேரியிலயா, இல்ல சென்னைக்கே அனுப்பணுமான்னும் கேளுங்க. உங்க ஏரியா உப்புக்காத்து வேற, அதனால ஏர் ஃபில்டர மாசத்துக்கு ஒரு தடவ தொடைங்க, கிளாஸ் முடிஞ்சதும் மெயின நேரா அணைக்காம ரிமோட்ல ஆஃப் பண்ணி ஃபேன் நிக்கிற வரைக்கும் விடுங்க.

டெமோ பாக்க போகும்போது உங்க புத்தக பிடிஎஃப்ப பென்டிரைவ்லயும் போட்டுக்கிட்டு லேப்டாப்பையும் எடுத்துட்டு பகல் 11 மணிக்கு போங்க, கடைக்காரர் ஷட்டர இறக்க வந்தா வேணாம்னு சொல்லிடுங்க.