வாட்ச்மேன் இல்லை சார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பகுதிநேரமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். பாடத் துணைநூல், அறிக்கை, அருங்காட்சியகப் பலகை என்று எது வந்தாலும் செய்வேன். போன மாதம் 'கன்சர்வேஷன்' என்ற ஒரே சொல் ஐந்து இடத்தில் வந்து மறித்தது. காட்டைப் பற்றிய அறிக்கை, வெண்கலச் சிலைக் குறிப்பு, உயிரியல் கட்டுரை, இயற்பியல் பாடம், குழந்தை உளவியல். எல்லாவற்றுக்கும் 'பாதுகாப்பு' என்றே போட்டேன். அருங்காட்சியகத்தின் கன்சர்வேஷன் அதிகாரியையும் 'பாதுகாப்பு அதிகாரி' ஆக்கிவிட்டேன். அதைப் பார்த்த ஊழியர் ஒருவர், "அவர் வாட்ச்மேன் இல்லை சார்" என்றார். எல்லாத் துறைக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே தமிழ்ச்சொல் நமக்கு வேண்டாமா?

எம்.

அன்புள்ள எம்.,

வேண்டாம் என்பதுதான் என் பதில். உங்களுக்கு அதில் பாதியை அந்த ஊழியரே சொல்லிவிட்டார். வாட்ச்மேன் வெளியிலிருந்து வரும் திருடனைப் பார்த்துக்கொள்கிறார். அந்த அதிகாரியின் திருடன் சிலைக்குள்ளேயே இருக்கிறான்.

மண்ணுக்குள் பல நூறு ஆண்டு கிடந்த வெண்கலத்தில் குளோரைடு உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்து வைத்தபின் காற்றின் ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சைத் தூளாகப் பொரிந்து வரும். தட்டிவிட்டால் அடியில் குழி. வெண்கல நோய் என்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் எஸ். பரமசிவன் பொறுப்பில் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு ஆரம்பகாலத்தில் பெரிய வேலை வைத்தவை இப்படிப்பட்ட சிலைகள்தான். சரி, பச்சையை எல்லாம் புளி போட்டுத் துலக்கிவிடலாமே என்றால், கூடாது. செம்பில் ஏறிய களிம்பு சைவ சித்தாந்திக்கு ஆணவ மலத்தின், அதாவது உயிரை மறைக்கும் அழுக்கின், உவமை, நீங்கியே ஆகவேண்டும். அருங்காட்சியகக்காரருக்கோ களிம்பு இரண்டு வகை. வழவழவென்று கெட்டியாகப் படிந்தது சிலைக்குத் தோல் மாதிரி, அது இருக்கட்டும். உதிர்கிறது பாருங்கள், அதுதான் சிலையைத் தின்கிறது, அதை நிறுத்தவேண்டும். பளபளப்பாக்குவது அவர் வேலையே இல்லை. இதற்குப் 'பேணுதல்' என்று போடுங்கள். அவரைப் 'பேணுநர்' என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் பேணுதல் என்று சொல்லிவிட்டதாலேயே சிக்கல் தீர்வதில்லை. எதைப் பேணுவது? தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றுச் சுவரில் முன்பெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை நாயக்கர் கால ஓவியங்கள். அவற்றுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலாயம் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் போகிறார், இன்னொரு பக்கம் திரிபுரம் எரித்தவர். எல்லாம் ராஜராஜன் காலத்துக் கோடு. மேலே இருப்பதும் நேற்று வந்ததல்ல, பல நூற்றாண்டுப் பழையது. சுரண்டினால் நாயக்கர் போய்விடுவார். விட்டுவைத்தால் சோழர் இருட்டிலேயே கிடக்கவேண்டியதுதான். கடைசியில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மேல்படலத்தை அப்படியே உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டினார்கள். இரண்டும் பிழைத்தன. பெரிய சாதனை, எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனாலும் நாயக்கர் கால ஓவியர் வரைந்தது கருவறைச் சுவரில், சாமிக்குப் பக்கத்தில். வண்ணம் தப்பியது, இடம் போயிற்று. உரித்த படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

உறுத்தல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் திருப்பணியின்போது கம்ப்ரசர் வைத்து மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். நான் சின்ன வயதில் விரல் வைத்துத் தடவி எழுத்துக்கூட்டிய கல்வெட்டு அது. இப்போது தொடக்கத்து மங்கலச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ'யைத் தாண்டி ஒன்றும் படிக்க வரவில்லை. செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குக் கோயில் என்றால் பூஜை நடக்கிற இடம். 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குக்கு அது புதுசாக நிற்கவேண்டும். அவர்களும் ஒன்றைக் காப்பாற்றத்தான் செய்கிறார்கள், அது கல் அல்ல, அவ்வளவுதான்.

ஆனால் சோழ அரசி செம்பியன் மாதேவிக்குக் கோயிலைப் புதுசாக்குவது, பழைய எழுத்தைக் காப்பது இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரிந்திருந்தது. திருக்கோடிக்காவலில் கோயிலைக் கற்றளியாக, அதாவது கல்கோயிலாக, எடுத்துக் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். கல் போகலாம், அதில் எழுதிய தானக் கணக்கு போகக்கூடாது. சுவடிக்கும் அதே கணக்குதான். ஓலை இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கும். அதற்குள் யாராவது பெயர்த்தெழுதிவிட வேண்டும். எழுதி முடித்தால் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிடுவார்கள். பின்னாளில் உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் இதைக் கேட்டுப் பதறியதற்குக் காரணம் உண்டு. பெயர்த்தெழுதுவது நின்றுபோயிருந்தது, ஆற்றில் விடுவது நிற்கவில்லை.

உங்கள் உயிரியல் கட்டுரையில் வருவது இந்தப் பெயர்த்தெழுதலின் உறவுக்காரர். நம் உயிரணுவில் டி.என்.ஏ. இழை சுற்றிக்கொள்வதற்கு ஹிஸ்டோன் என்ற புரதங்கள் உண்டு. அவற்றில் எச்4 என்பதில் 102 அமினோ அமிலங்கள். பட்டாணிச் செடியின் எச்4-ஐயும் பசுவின் எச்4-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டே இடத்தில்தான் வேறுபாடு. இரண்டும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. நடுவில் யாரும் காவல் இருக்கவில்லை. படியெடுத்ததில் பிழை வந்தவை பிழைக்கவில்லை. இதற்கு 'பாதுகாக்கப்பட்ட வரிசை' என்று எழுதினால் யாரோ பூட்டிவைத்த மாதிரி இருக்கிறது. 'மாறாது வந்த வரிசை' என்று எழுதலாம்.

இயற்பியலில் நம் வாத்தியார்கள் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள் என்பேன். 'ஆற்றல் அழிவின்மை விதி' என்று பாடத்தில் படித்துவிட்டு, டிசம்பர் 14 அன்று 'எரிசக்தி சேமிப்பு தினம்' என்று மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே தொடர்தான். ஒன்று மீறவே முடியாத விதி, மற்றது (2001-ல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது) நாம் மீறிக்கொண்டே இருப்பதால் போட்டது. என் மகள் பள்ளியில் படிக்கும்போது கேட்டாள்: "அழியவே அழியாதுன்னா எதுக்குப்பா ஃபேனை நிறுத்தச் சொல்றே?" நியாயமான கேள்வி. ஃபேன் தின்ற மின்சாரம் எங்கும் போகவில்லை, அறைக் காற்றில் சூடாகக் கிடக்கிறது. அதை மறுபடி வாரியெடுத்து ஃபேனை ஓட்ட முடியாது. அளவு அப்படியே இருக்க, பயன் போய்விடுகிறது. தமிழில் இரண்டு சொல் இருப்பதால் இதை விளக்க எனக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

குழந்தை உளவியலில் வருவது உளவியலாளர் ழான் பியாஜேயின் சோதனையாகத்தான் இருக்கும். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர். ஒன்றை எடுத்து, குழந்தை பார்க்கும்போதே, ஒல்லியான உயரக் குவளையில் ஊற்றுங்கள். ஐந்து வயதுக்காரன் உயரத்தைக் காட்டி "இதுலதான் நிறைய" என்பான். ஏழெட்டு வயதில் "அதே தண்ணிதானே" என்று நம்மை ஒரு மாதிரி பார்ப்பான். 'அளவு மாறாமை' என்று எழுதினால் போதும். இங்கே எதையும் யாரும் காப்பாற்றவில்லை.

இனி காடு. 'பாதுகாப்பு' என்ற சொல் காட்டுக்குப் பழகிவிட்டது, மாற்றமுடியாது. ஆனால் அந்தச் சொல் கேட்டவுடன் ஒரு எதிரியைத் தேடச் சொல்கிறது. ராஜஸ்தானில் பரத்பூர் சதுப்புநிலம் அப்படிப்பட்ட கதை. மன்னர்கள் வாத்து வேட்டைக்காக நீரைத் தேக்கி உண்டாக்கிய இடம். 1938-ல் வைஸ்ராய் வந்தபோது ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்ட பறவைகளைச் சுட்டிருக்கிறார்கள். பிறகு தேசியப் பூங்கா ஆயிற்று. எருமைகள் மேய்வதால் பறவைக்குக் கெடுதல் என்று முடிவுகட்டி 1982-ல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அடுத்து வந்த ஆண்டுகளில் எருமை மேயவராததால் நீர்ப்புல் அடர்ந்து தண்ணீரை மூடியது. நீந்தி இரை தேடும் பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்துகொண்டே போயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு, எருமை மேய்ந்ததால்தான் அந்த நீர் திறந்து கிடந்தது என்றது. தடை வேண்டும் என்று ஆதரித்தவர்களில் அதே கழகத்தின் பறவையியலாளர் சாலிம் அலியும் இருந்தார். பிற்பாடு புல்லை அறுத்துக்கொண்டு போகச் சொல்லி ஊர்க்காரர்களையே அனுமதித்தார்கள்.

உங்கள் அறிக்கையில் அந்தச் சொல் வருகிற பத்தியை மட்டும் அனுப்பினால் போதாது. அங்கே யார் விறகு பொறுக்குகிறார்கள், மாடு மேய்கிறதா இல்லையா என்று எழுதியிருக்கிற பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.